நெடுமாறனின் கிட்டாருக்குச் சுற்றிய காயில்

நெடுமாறனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. கோட்டூர் கடைத்தெருவில் டீக்கடைக்காரருக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி கயல்விழிக்கும் தெரியும், அவன் கிட்டார் வாசித்த கச்சேரிக் குழுவின் முதலாளி புகழேந்திக்கும் தெரியும். அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவர்களில் முதல் ஆள் நான்தான். ஏழாம் வகுப்பிலிருந்து கூடவே திரிந்தவன், முதலில் கண்டுபிடித்தவன், வாயைப் பொத்திக்கொண்டவன். என்னை மாதிரி ஒரு சிநேகிதன் இருந்தால் ஒருத்தனுக்கு வேறு விரோதி தேவையில்லை.

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். துரைராசு கடை என்றால் மன்னார்குடி வரைக்கும் தெரியும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் எட்டிப்பார்ப்பதற்கு முந்தின ஒன்றரை மாதம்தான் எனக்கு அறுவடை. குறுவை நாற்றங்காலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போர் மோட்டாரைப் போடுவார்கள். வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் முனகிக்கொண்டே கருகும். கருகிய காயிலின் வாடை என் சட்டையை விட்டு எந்தச் சோப்புக்கும் போனதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் நெடுமாறன் ஒரு பழைய கிட்டாரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். கோயில் மேடையில் சீரியல் லைட்டையும் ஜெனரேட்டரையும் போட்டால் அது உறுமுகிறது, என்னவென்று பார் என்றான். திறந்து பார்த்தேன். கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி முடியை விட மெல்லிய எனாமல் கம்பி எட்டாயிரம் சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே காயிலில் மின்சாரம் பிறக்கிறது. என் தொழில்தான், கொஞ்சம் பொடியாகச் செய்திருக்கிறார்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காயில் பக்கத்து டியூப்லைட்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்து இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். நாலு தடவை கம்பி அறுந்து, ஐந்தாவது தடவை அமைந்தது. அன்றைக்கு நெடுமாறன் என் கடையில் நின்று வாசித்தபோது டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து நின்றார்கள். அவன் அப்பா பண்ணையில் கூலிக்கு நின்ற மனுஷன். பிள்ளை கையில் கிட்டாரைப் பார்த்து, "இதுக்கு எவ்வளவு நெல்லு கெடைக்கும்?" என்று கேட்டவர்.

அப்புறம் எங்கே பழைய கிட்டார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் நாங்கள் சேர்ந்துதான் போவோம். நாகூரில் சுஹைப் என்று ஒருவர். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் கொண்டுவந்து, ஆறு மாதம் பரணில் போட்டு, பிறகு தள்ளிவிடுகிற கிட்டார்களை வாங்கி வைத்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது.

மூன்று கிட்டார் எடுத்து வைத்தார். நெடுமாறன் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தான். கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளை விரலால் தடவித் தேய்மானம் பார்த்தான். ஆம்பில் செருகி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு காந்தத்தையும் லேசாகத் தட்டிக் காயிலுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தான். அதிலெல்லாம் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு சிவப்புக் கிட்டாரை மீட்டினான். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கூர்மையும் இருந்தது, குழைவும் இருந்தது. அவன் குனிந்து தாடை எலும்பைக் கிட்டாரின் கொம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி மீட்டினான்.

"செத்துக் கெடக்குடா. மேல் சத்தமே இல்ல," என்றான்.

"இன்னொரு தடவ பாருங்கண்ணே. இதுதான் இருக்கறதுலயே ஒசத்தி," என்றார் சுஹைப்.

"இல்லீங்க பாய். போர்வை போத்துன மாதிரி இருக்கு."

கறுப்புக் கிட்டார் ஒன்று இருந்தது. யாரோ பிக்கப்பை மாற்றுகிறேன் என்று பாதிச் சுற்றை அறுத்துக் கெடுத்திருந்தார்கள். தகரத்தில் ஆணியால் கீறியது போல் கத்தியது. அதைத்தான் நெடுமாறன் சிரித்த முகத்தோடு எடுத்தான். "இதுல உசிரு இருக்குடா துரைராசு," என்றான்.

சுஹைப் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "அண்ணே, அவருக்குக் காது சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். நெடுமாறன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து உறையை மாட்டிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

பஸ்ஸில் திருவாரூர் வரைக்கும் அவன் பேசிக்கொண்டே வந்தான். வைகாசி முகூர்த்தத்துக்குள் இதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று. நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் அண்ணன் ஞாபகம் வந்து நின்றுவிட்டது. தண்ணீர் வராத ஒரு வருஷத்தில் பயிர் காய்ந்து, அவன் அண்ணன் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தவர். அந்தக் குடும்பத்தில் இன்னொருத்தனிடம் உன் பிழைப்பு போகப்போகிறது என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்.

சொல்லாததோடு நிற்கவில்லை. அவன் கேட்டதையெல்லாம் செய்தும் கொடுத்தேன். முதலில் காயிலில் ஆயிரம் சுற்றுக் குறைத்தேன். சுற்றுக் குறைந்தால் கூர்மை ஏறும். பிறகு இருநூற்றைம்பது கே வால்யூம் குமிழை எடுத்துவிட்டு, கூர்மை இன்னும் ஏற ஐந்நூறு கே போட்டேன். அடுத்த ஆவணியில் டோன் குமிழையே பிடுங்கி எறிந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான், "இன்னும் கொஞ்சம் தொறந்து விடுடா" என்பான். வாசலில் படுத்திருக்கிற நாய் எழுந்து போகிற அளவுக்குத் திறந்துவிட்டேன். அவன் முகத்தைச் சுளித்து, "இப்ப பரவால்ல," என்பான்.

போன வருஷம் வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் புகழேந்தி கடைக்கு வந்தார். மன்னார்குடிக்காரர், ஐம்பத்தெட்டு வயது, நல்ல பாட்டுக்காரர், மனுஷனும் நல்லவர். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கயல்விழி வந்தாள். அவர்கள் வயலில் போர்த் தண்ணீரில் முன்பட்ட நடவு, நேராக அங்கிருந்து. முழங்கால் வரை சேறு. கடை வாசல் பைப்பில் காலைக் கழுவிக்கொண்டு, தூக்குவாளியோடு கீழே உட்கார்ந்தாள். "நாந்தாண்ணே வரச்சொன்னேன்," என்றாள் என்னிடம்.

"தம்பி, சுத்தி வளைக்கல," என்றார் புகழேந்தி. "நாலு எடத்துல கச்சேரி வெச்ச பார்ட்டிக்காரங்க சொல்லிட்டாங்க, கிட்டாரு காதைக் கிழிக்குதுன்னு."

"சவுண்டு மிக்சர்ல ட்ரெபிளைக் கொறைக்கலாமே," என்றேன்.

"கொறைச்சாச்சு. அது மட்டும்னா நான் இங்க வரமாட்டேன். சுதி வெலகுது. கம்பியை இழுத்து வாசிக்கிறான்ல, எங்க நிறுத்தணும்னு தெரியல அவனுக்கு. பாடுற புள்ளைங்க தடுமாறுது."

"சத்தத்தையே கொறைச்சு வெச்சா?"

"ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னாடி வந்து மிக்சரைப் பாக்குறான் தம்பி. அவன் சத்தத்த ஏத்தி எறக்குற ஃபேடருக்குப் பக்கத்துல செவப்பு டேப்பு ஒட்டியிருக்கான். அந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்தா மூஞ்சி செத்துப்போவுது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கயலு, நான் அவனை நின்னுக்கடான்னு சொல்லிடறதுதான் மொறை. கீபோர்டுக்காரப் பையன் கிட்டாரு சத்தத்தையும் அதுலயே வாசிச்சுடுறான். ஆனா இருவத்திரண்டு வருசம் எங்கூட வந்தவன்."

"சொல்லிடாதீங்க புகழண்ணே." கயல்விழி தூக்குவாளியைத் திறந்தவள் மூடிவிட்டாள். "மூத்தவரு எப்படிப் போனாருன்னு ஒங்களுக்குத் தெரியாததா. பயிரு போச்சேன்னு ஒரு வார்த்த பேசல. ரெண்டு நாளு வரப்புல ஒக்காந்திருந்தாரு. சோறு கொண்டாந்தா தின்னாரு. மூணாம் நாளு மருந்தக் குடிச்சிட்டாரு. இவரும் அதே ரத்தந்தானே. ரெண்டு நாளு பேசாம இருந்தாருன்னா நான் வீட்ட விட்டு எறங்கறதில்லண்ணே."

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. காதுக்கு மெஷினு குடுப்பாங்க."

"எதுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? அதைச் சொல்லத்தானே யாருக்கும் வாயில்ல."

புகழேந்தி, "பழைய சோறா? ஆறிப்போன கொழம்பு இருந்தா எனக்கும் ஒரு வாய் வையி," என்று கேட்டு வாங்கித் தின்றார். அவரும் பேச்சை மாற்றத்தான் பார்த்தார்.

அந்த யோசனை என் வாயிலிருந்துதான் வந்தது. அதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

"அவனுக்கு அவன் சத்தம் கேட்டாப் போதும்ல," என்றேன். "ஒரு பொட்டி பண்ணித் தர்றேன். கிட்டார் ஒயரு அதுல வந்து ரெண்டாப் பிரியிற மாதிரி. ஒண்ணு அவன் காலடியில இருக்கற ஸ்பீக்கருக்கு. இன்னொண்ணு மிக்சருக்கு. மிக்சருக்குப் போறத உள்ளயே வெட்டிடறேன். ஃபேடரு கோட்டுலயே நிக்கும். சபைக்குக் கீபோர்டு கேக்கும்."

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டார். கயல்விழி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரே நாளில் செய்து முடித்தேன். கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி. உள்ளே மிக்சர் பக்கக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, முனையில் டேப் சுற்றினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் காட்டவில்லை. நெடுமாறன் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "வெளிநாட்டு ஐட்டம் மாதிரி இருக்குடா," என்றான்.

பதினாலு மாதம் அது நடந்தது. அந்தப் பதினாலு மாதமும் அவன் சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பார்ட்டிக்காரர்கள் புகார் சொல்லவில்லை. பாடுகிறவர்கள் தடுமாறவில்லை. தையில் முத்துப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில், கிட்டார் தனியாக வாசிக்கிற துண்டு முடிந்ததும் சபை எழுந்து ஒன்ஸ்மோர் கேட்டிருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்து அதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. "நாப்பத்தேழு வயசுலடா," என்றான். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இந்த ஆனி மாதம் திருத்துறைப்பூண்டியில் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா. பகல் கச்சேரி. மண்டபத்து கரண்டில் ஏதோ கோளாறு, மைக்கெல்லாம் உறுமுகிறது என்று புகழேந்தி என்னைக் கூப்பிட்டிருந்தார். எர்த் கம்பியைச் சரிசெய்துவிட்டு மேடையின் ஓரத்தில் நின்றேன். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பிரியாணி வாடை. புழுக்கம் தாங்காமல் பெண்கள் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன.

பாட்டின் நடுவில் கிட்டார் துண்டு வந்தது. நெடுமாறன் ஒரு அடி முன்னால் வந்து வாசிக்க ஆரம்பித்தான். இரண்டாவது சுற்றில் ஒரு கம்பியை மேலே இழுத்தபோது அது அறுந்தது. சுருண்டு அவன் மணிக்கட்டில் அடித்ததை நான் பார்த்தேன். அவன் கை நின்றுவிட்டது. சட்டென்று சபையைப் பார்த்தான், மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. இருபத்துமூன்று வருஷப் பழக்கம்.

சபையில் ஒன்றும் மாறவில்லை. பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன. விசிறிகள் அதே மாதிரி ஆடின. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், அந்தத் தாளம் தப்பவில்லை. அவனுக்குப் பின்னால் கீபோர்டுக்காரப் பையன் தலையைக் குனிந்தபடி கிட்டார் துண்டை வாசித்துக்கொண்டிருந்தான்.

நெடுமாறன் இரண்டு கையையும் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டான். தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். சபையையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு முடிந்தது. அவர்கள் கைதட்டினார்கள்.

நான் கீழே இறங்கிப் போய்ச் சமையற்கட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். அங்கேயிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது அவன் வந்து நின்றான். கையில் கிட்டார் இல்லை, அந்தப் பெட்டி மட்டும் இருந்தது. மேசையில் வைத்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவனே நாலு திருகாணியையும் கழற்றினான். டேப் சுற்றிய முனையைப் பார்த்தான்.

"எத்தினி நாளா?" என்றான்.

"பதினாலு மாசம்."

அவன் என் வாயையே பார்த்தான். "திருப்பிச் சொல்லு." விரலால் காட்டினேன்.

"கயலுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"முத்துப்பேட்டைல ஒன்ஸ்மோர் கேட்டாங்களே. அது?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் பதில் சொல்வதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவன் தெரிந்துகொண்டான். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"உங்கிட்ட சொல்லணும்னுதாண்டா..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன சொல்லப்போற? காது கேக்கலன்னா?" அவன் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கேட்காதவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். "எனக்குத் தெரியாதா துரைராசு. என் காது எனக்குத் தெரியாதா. நாலு வருசமாச்சு. குருவி சத்தம் போச்சு, அப்பறம் கொலுசு போச்சு, அப்பறம் கயலு அடுப்படியில இருந்து கூப்புடுறது போச்சு. ஒங்கிட்ட எதுக்குக் காயிலைக் கொறைக்கச் சொன்னேன்? எங்காதுக்கு எது எட்டுதோ அதைப் பண்ணிக்கிட்டேன். சபைக்குக் கீச்சுன்னு இருந்தா மிக்சர்ல திருகிக்குவாங்க, தப்பா வாசிச்சா புகழண்ணன் மூஞ்சில அடிச்சாப்புல சொல்லிடுவாருன்னு நெனச்சேன். யாரும் சொல்லல. அப்ப நம்ம கை இன்னும் சரியாத்தான் இருக்குன்னு இருந்தேன்."

"ஏண்டா சொல்லல எங்ககிட்ட?"

"சொன்னா அவ பயந்துக்குவா. அண்ணன் மாதிரி ஆயிடுவேன்னு ராவெல்லாம் முழிச்சிருப்பா. அதான் சொல்லல." பெட்டியின் மூடியை எடுத்து மேலே வைத்தான். "எனக்குக் கேக்கலன்னா என்னடா. ஊருக்குக் கேக்குதுன்னுல்ல வாசிச்சேன்."

நான் சால்டரிங் அயர்னைச் செருகினேன். "அஞ்சு நிமிசம். சேத்துத் தந்துடறேன்," என்றேன்.

"சேத்து என்ன பண்ண?" என்றான். எழுந்து வெயிலில் இறங்கி நடந்தான். பெட்டி மேசையில் கிடந்தது.

நான் உடனே கயல்விழிக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. "மருந்து டப்பாவை நேத்தே எடுத்துப் பக்கத்து வீட்டு நீலாம்பாகிட்ட குடுத்து வெச்சுட்டேண்ணே. மண்டபத்துலேருந்து வந்த மூஞ்சியப் பாத்தேன்," என்றாள். "நீங்க செத்த நேரம் வாங்களேன். எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

போனபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விரால் குழம்பு. முள்ளை ஒதுக்கி வைத்து, நிதானமாகச் சாப்பிட்டான். எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னான். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பரணைப் பார்த்தான். பத்தாயத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"மருந்து டப்பா எங்க கயலு? கெழக்க இருக்கற மூணு மா நெலத்துலயும் எல சுருட்டுது. இன்னிக்கு அடிச்சாத்தான் ஆவும்."

கயல்விழி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். குறுவைப் பயிரில் இலைச்சுருட்டுப்புழு விழுந்திருப்பது உண்மைதான். வரும் வழியிலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வயல்களில் எல்லாம் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விவசாயி தன் பயிருக்கு மருந்து கேட்கிறான்.

அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மண்டபத்தில் சபையைப் பார்த்த அதே பார்வை.

"இதுவுமா?" என்றான்.

"இல்லைங்க, எங்க வெச்சேன்னு..." என்று கயல்விழி ஆரம்பித்தாள்.

"எங்க வெச்சன்னு எங்கிட்ட சொல்ல வேணாம்." சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரேயரைக் கழற்றி, பட்டையை உதறிவிட்டு, என் காலடியில் வைத்தான். "துரைராசு, நீ அடிச்சுடு. டாங்குக்கு எவ்வளவு ஊத்தணும்னு அவளுக்குத் தெரியும்."

வெயில் தாழ்ந்ததும் நான்தான் அடித்தேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. பட்டை தோளை அறுத்தது. சேற்றில் கால் புதைந்து புதைந்து எடுக்க வேண்டியிருந்தது. கயல்விழி வாய்க்கால் மதகில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை. நெடுமாறன் வரப்பில் நின்று நாங்கள் இரண்டு பேரும் அவனுடைய பயிரைக் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வயலில் காற்று திரும்பி, மருந்து அவன் பக்கம் பறந்தது. தள்ளி நில்லுடா என்று கத்தினேன். அவன் முகம் என் பக்கம்தான் இருந்தது, என் வாய் அசைவதையும் பார்த்தான். தள்ளி நிற்கவில்லை.

கயல்விழி டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்த பக்கம் அவன் போனான்.